கழுத்திலிருந்து குதிகால் வரை

"பைவிக்கும் ஒரு கரை கிழிங்க அத்தை."

கேட்கவே கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட ஒன்றை விவியான் கேட்டுவிட்டாள். அதுவும் ஹுல்டா அத்தை கத்திரியைக் கையில் எடுத்த நேரமாகப் பார்த்து.

மேசையின் மடக்குப் பலகைகளை இரண்டு பக்கமும் தூக்கிவிட்டு, சமையலறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை துணி விரித்திருந்தது. மிஷினில் உட்கார்ந்திருந்த அம்மா டீரா மிதியிலிருந்து காலை எடுத்தாள். அண்ணி பெரித்தின் வாயில் ஏழெட்டுக் குண்டூசி இருந்தது. அவளால் உடனே பேச முடியாமல் போனது எல்லோருக்கும் நல்லது. வெளியே மழை. போரோஸ் ஊர்ப் பக்கம் நவம்பர் மழை விருந்தாளி மாதிரி வந்து போகாது, குடிவந்துவிடும்.

"என்ன கேட்ட?" ஹுல்டா நிமிராமலே கேட்டாள்.

"உங்க காதுல விழுந்துச்சு."

"விவி!" இது அம்மா.

"என்ன விவி? நம்ம ரோலண்ட் அண்ணன் வீட்டுல ஒரு பிள்ளை இருக்கு. ஏழு வயசு. போன வருஷமும் இருந்துச்சு. டப்பாவுல அவ பேர் இல்ல. ஒரு கரை கிழிங்கன்னு கேக்கறேன். இதுல என்ன குத்தம்?"

ஹுல்டா கத்திரியைத் துணிமேல் வைத்தாள். வைத்த சத்தத்தில் ஜன்னலோரம் படுத்திருந்த பூனை எழுந்து போய்விட்டது.

"டீரா, காப்பி இருக்கா?" என்றாள்.

அவ்வளவுதான் பதில்.

அந்த வீட்டில், கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முந்தித் தொடங்கும் திருவருகைக் காலத்து முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, துணி வெட்டுகிற நாள். கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே துணியில் இரவு அங்கி. பையனுக்கும் அதேதான், பெண்ணுக்கும் அதேதான்: கழுத்தில் இரண்டு பொத்தான், முழுக்கை, கணுக்கால்வரை விரிந்துகொண்டே போகும் வீச்சு. பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் சாப்பாடு முடிந்ததும், பெரியப்பா வழி சித்தப்பா வழி எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு பிள்ளைகள், அதைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் உயரவாரியாக நிற்பார்கள். அப்பா கோஸ்தா படம் எடுப்பார். கடையில் வாங்கிய பொம்மை ஜனவரிக்குள் உடைந்துவிடும். அங்கி வருஷம் முழுக்கக் கிடக்கும், முழங்கை தேய்ந்து தரை துடைக்கப் போகும்வரை.

டீரா வீட்டிலிருந்தே தைக்கிறவள். திங்கட்கிழமை வேன் வந்து, வெட்டிய சட்டைக் கழுத்துகளைக் கட்டுக்கட்டாக இறக்கிவிட்டுப் போகும். வியாழக்கிழமை, தைத்ததை ஏற்றிக்கொண்டு போகும். முகம் தெரியாத ஆண்களின் கழுத்துக்குத் தைத்துத் தைத்துத்தான் மகளை கோத்தன்பர்க் அனுப்பிப் படிக்க வைத்தாள். அந்த மிஷின் சொந்தப் பிள்ளைகளுக்காக ஓடுவது வருஷத்தில் இந்தச் சில நாள்தான்.

ஹுல்டா, கோஸ்தாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தைந்து வருஷமாக நெசவு மில்லில் துணி பார்க்கிற வேலை. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை விட்ட இடம், எண்ணெய் பட்ட இடம், முடிச்சு, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும்போதும் திரைச்சீலையில் இழை விட்டிருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் சௌக்கியம் விசாரிப்பாள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மில்லில் கழித்த துணியாக ஒரு உருளை கொண்டுவருவாள். துணி அவளுடையது. கத்திரி அவளுடையது. டப்பாவும் அவளுடையது.

டப்பா என்றால் பழைய பிஸ்கட் டப்பா, நீல மூடி. குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆனதும், அந்த வருஷத்துத் துணியின் ஓரக்கரையை ஹுல்டா ஒன்றரை மீட்டருக்குக் கிழிப்பாள். கரை இழுத்தாலும் நீளாது, அதனால்தான் கரை. ஒரு முனையில் மையால் பெயர். பிறகு வருஷா வருஷம், பிடரியிலிருந்து குதிகால்வரை எவ்வளவோ அங்கே ஒரு கோடு, பக்கத்தில் வருஷம். பிள்ளைக்குத் தெரியாமல்தான் அளக்க வேண்டும். தூங்கும்போது அளக்கலாம், இல்லாவிட்டால் போன வருஷத்து அங்கியை வைத்து அளக்கலாம். பதினைந்து வயது முடிந்ததும் கரையைச் சுருட்டிப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுவாள். விவியானின் கரை அவளுடைய மேசை இழுப்பறையில், பட்டச் சான்றிதழுக்கு அடியில் கிடக்கிறது.

யாரும் போய்க் கேட்பதில்லை. ஹுல்டாவாகத்தான் கிழிப்பாள். "அத்தைகிட்ட எத வேணாலும் கேளு. கரைய மட்டும் கேக்காத," என்று டீரா சொல்லியே வைத்திருந்தாள். ஏன் என்று சொன்னதில்லை. ஏன் என்று சொல்லாத கட்டளையைக் கண்டாலே விவியானுக்குப் பற்றிக்கொண்டு வரும். படிக்கப் போவதற்கு முன்பும் அப்படித்தான். படித்த பிறகு அதற்குப் பெயர் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஹுல்டா காப்பியைச் சாசரில் ஊற்றி, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்சினாள். ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்தாள். துணிமேல் துணுக்கு விழாமல் இன்னொரு கையை அடியில் ஏந்திக்கொண்டாள்.

"துணி பன்னெண்டுக்குத்தான் வரும்," என்றாள். "நேத்தே போட்டுப் பாத்துட்டேன். எண்ணெய் பட்ட மூணு எடம் வேற போகுது."

"பதிமூணு வரும்."

"கேட்டுக்க டீரா. பட்டம் வாங்கினவ சொல்றா. அங்க துணி வெட்டவும் சொல்லித் தர்றாங்க போல."

"அங்க சொல்லித் தரல. நான் தவழ்ந்ததே இந்த மேசைக்கு அடியிலதான். சாக்பீஸக் குடுங்க."

கொடுக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. எடுத்துக்கொண்டாள். அங்கியின் காகித வெட்டை எடுத்துத் துணிமேல் போட்டாள்.

"பாருங்க. மேல குறுகல், கீழ அகலம். நீங்க எல்லாத்தையும் ஒரே பக்கமா நிக்க வக்கறீங்க. தோளுக்கும் தோளுக்கும் நடுவுல இவ்ளோ எடம் சும்மா போகுது. ஒண்ணத் தலைகீழாத் திருப்பி நடுவுல செருகுங்க. இந்தா. பக்கத்துல எல்லாத்தையும் நெருக்கித் தள்ளுங்க. கடைசியில பாருங்க எவ்ளோ மிஞ்சுதுன்னு."

ஹுல்டா பார்த்தாள். மிஞ்சத்தான் செய்தது. முப்பது வருஷமாக வெட்டுகிறவளுக்கு அது தெரியாமலா இருக்கும்?

"சேவலப் பாத்தியா?" என்றாள்.

துணி முழுக்கச் சிவப்புச் சேவல்கள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்து, எல்லாம் நிமிர்ந்து.

"திருப்பினா அந்த அங்கியில சேவல் அத்தனையும் தலைகீழா நிக்கும்."

"நிக்கட்டும்."

"நிக்கட்டுமா? கோணல் துணி வந்தா மிஷினயே நிறுத்தறவ நான். என் கையால தலைகீழ்ச் சேவல வெட்டச் சொல்றியா?"

பெரித் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்திவிட்டு வாயைத் திறந்தாள். "அத எங்க ஸ்டெல்லனுக்குக் குடுத்துடுங்க அத்தை. அவன் எந்நேரமும் சோபாவுல தலைகீழாத்தான் கெடக்கறான். மத்தவங்களுக்கெல்லாம் சேவல் கவுந்து கெடக்கும், அவனுக்கு நேரா இருக்கும்."

டீரா சிரித்துவிட்டாள். ஹுல்டா சாசரை வாய்க்குமேல் தூக்கிக்கொண்டாள். சிரித்தாளோ என்னவோ, சாசர் ஆடியது.

"ஏன், அந்தப் பிள்ளைக்கே தலைகீழ்ச் சேவலக் குடுத்தா என்ன?" என்று டீரா மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"பைத்தியமா உனக்கு? பின்லாந்துக்காரி பிள்ளைக்குக் கழிச்சதக் குடுத்தாங்கன்னு ஊர் பேசவா? குடுத்தா நல்லதத்தான் குடுக்கணும்."

"அப்ப குடுக்கறீங்க," என்றாள் விவியான்.

"'குடுத்தா'ன்னுதான் சொன்னேன். நீ என்ன வக்கீலா?"

பின்கட்டுக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அப்பா கோஸ்தா விறகோடு வந்தார். காலணியை வாசலிலேயே உதறிவிட்டு ஈரக் காலுறையோடு அடுப்பருகே போனார். யார் முகமும் சரியில்லை என்று பார்த்தார். "என்ன, துணி பத்தலியா?"

"பைவி பத்தின பேச்சு," என்றாள் டீரா.

"பைவியா? போன வருஷம் எனக்கு ஃப்ளாஷ் பல்பு எடுத்துக் குடுத்துச்சே, அந்தப் பிள்ளைதானே? கெட்டிக்காரப் பிள்ளை. ஒண்ணைக்கூடக் கீழ போடல." அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். விறகை அடுக்கிவிட்டுப் போய்விட்டார்.

விவியானுக்குக் காது சுட்டது. பன்னிரண்டு பேரும் படியில் ஏறி நின்றபோது பைவி கோட்டு மாட்டும் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், கடையில் வாங்கிய மஞ்சள் நைலான் பைஜாமாவில். பைவியின் அம்மா ரைலி அதை நன்றாக இஸ்திரி போட்டு மடித்துக் கொண்டுவந்திருந்தாள், எல்லோரும் இரவு உடை போடுவார்கள் என்று ரோலண்ட் சொன்னதை நம்பி. பைவி விவியானின் பாவாடையைப் பிடித்து இழுத்து, "எனக்கு எந்தப் படி?" என்று கேட்டாள். விவியானின் வாயில் கடலைமிட்டாய் இருந்தது. "நீ தாத்தாவுக்கு பல்பு எடுத்துக் குடு," என்று பெட்டியைக் கையில் கொடுத்தவள் அவள்தான். வேறு யாருமில்லை. ஊர் உலகத்து அநியாயத்தையெல்லாம் கட்டுரையாக எழுதிப் பட்டம் வாங்கிய அவள்தான்.

அந்தப் படம் இப்போது முன்னறைச் சுவரில் தொங்குகிறது. அதில் பைவி இல்லை. அவள் எடுத்துக் கொடுத்த பல்பின் வெளிச்சம்தான் இருக்கிறது.

"சரி, அளவு?" என்றாள் ஹுல்டா. "கரை கரைன்னு குதிக்கறியே, பிள்ளையோட அளவு இருக்கா உன்கிட்ட?"

இருந்தது. விவியான் கம்பளிச் சட்டைப் பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தாள். நடுவில் முடிச்சு. போன ஞாயிற்றுக்கிழமை ரோலண்ட் வீட்டுக்குப் போனபோது யாருக்கும் தெரியாமல் அளந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், மில் குடியிருப்பில், இரண்டு அறை வீடு. ரோலண்ட் மில்லுக்கு லாரி ஓட்டுகிறான். ரைலி நூற்கிற பகுதியில். இரண்டு வருஷமாகச் சேர்ந்து இருக்கிறார்கள். பைவி அதற்கு முன்பே ரைலிக்குப் பிறந்தவள். கல்யாணம் என்று இன்னும் எதுவும் இல்லை.

ஹுல்டா கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். டப்பாவிலிருந்து ஒரு கரையை எடுத்துப் பக்கத்தில் தொங்கவிட்டாள். இன்னொன்றை எடுத்தாள். மில்லில் துணியை நிறுத்துகிற மாதிரி ஒரு விரலால் கயிற்றை நிறுத்தினாள்.

"ஏழு வயசா இது? பத்து வயசுப் பிள்ளை. எதுல அளந்த?"

"கோட்டுல. வாசல்ல மாட்டியிருந்துச்சு."

"குளிர்கால கோட்டுலயா?"

"ஆமா."

"கை மடிச்சு விட்டிருந்துச்சா?"

விவியான் யோசித்தாள். "மடிச்சிருந்துச்சு."

"மடிச்சிருந்ததப் பாத்துட்டும் அளந்திருக்கா!" ஹுல்டா தொடையில் தட்டிக்கொண்டாள். "ரைலி என்ன மடச்சியா, கோட்ட அளவா வாங்க? மூணு குளிருக்குச் சேத்து வாங்கியிருப்பா. இந்த அளவுல தைச்சா அந்தப் பிள்ளை படியேறறப்ப அங்கி தடுக்கி மூக்கு உடையும். புள்ளிவிவரம் படிச்சாளாம் இவ!"

பெரித் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டீராவும்தான். விவியானுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"போன வருஷத்து அங்கி இருந்திருந்தா அதுல அளந்திருப்பேன். இல்லியே அத்தை."

சிரிப்பு நின்றது. அடுப்பில் பால்கஞ்சி பொங்கி வந்தது. டீரா ஓடிப்போய்ச் சட்டியை இறக்கினாள். பட்டை வாசனையும் தீய்ந்த பால் வாசனையும் சேர்ந்து வந்தது. யாரும் சாப்பிட உட்காரவில்லை.

"கரை கிழிக்கறதுன்னா சும்மா இல்லடி," என்றாள் ஹுல்டா. குரல் இறங்கியிருந்தது. "கிழிச்சா பதினஞ்சு வயசு வரைக்கும் கோடு போடணும். நாளைக்கு ரோலண்டும் அவளும் பிரிஞ்சா? அவ பிள்ளையக் கூட்டிக்கிட்டுக் கப்பலேறிட்டா? கரை டப்பாவுல கெடக்கும். வருஷா வருஷம் டப்பாவத் தெறக்கறவ நான்தான். நீ கோத்தன்பர்க்ல இருப்ப."

"ஏற்கெனவே ஒண்ணு கெடக்குல்ல."

"விவி, வேணாம்," என்றாள் டீரா.

டப்பாவின் அடியில் ஒரு கரை உண்டு. பழுப்பேறிய வெள்ளை. பெயர் எழுதிய முனையை உள்ளே வைத்து இறுக்கிச் சுருட்டி நூலால் கட்டியிருக்கும். விவியான் ஆறு வயதில் அதை அவிழ்க்கப் போய் ஹுல்டாவிடம் கைமேல் அடி வாங்கியிருக்கிறாள். வாழ்நாளில் அத்தை அடித்த ஒரே அடி.

ஹுல்டா அதை எடுத்தாள். நூலைக் கத்திரியால் வெட்டினாள். முப்பது வருஷத்துச் சுருள், பிரிய மறுத்தது. விரலால் நீவினாள்.

"இர்யா," என்றாள். "உலகச் சண்டைக் காலத்துல பின்லாந்துலேர்ந்து பிள்ளைங்கள ரயில்ல ஏத்தி அனுப்பினாங்க. கழுத்துல பேர் எழுதின அட்டையோட. இது எங்கப்பா வீட்டுக்கு வந்துச்சு. நாலு வயசு. மாத்திக்க ஒண்ணு கெடையாது. மில்லுல கழிச்ச துணி கொஞ்சம் கேட்டு வாங்கிட்டு வந்தேன், ஒரு அங்கி தைக்கலாம்னு. அளக்கப் போனா அலறுது. தொட்டாலே அலறுது. எவன் எவனோ தொட்டு, பேன் பாத்து, ஊசி போட்டு, எடை போட்டு அனுப்பின பிள்ளை. தூங்கட்டும்னு காத்திருந்து, துணிக் கரைய வச்சு அளந்தேன்."

தூங்கும்போது அளக்கிறோமே, அது ஏதோ பண்டிகை ரகசியம் என்றுதான் பெரித்தும் விவியானும் நினைத்திருந்தார்கள்.

"மூணு கோடு. பாரு, நாப்பத்திரெண்டு, நாப்பத்திமூணு, நாப்பத்திநாலு. அப்புறம் அவங்கம்மா கேட்டாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. போறப்போ அதுக்கு அம்மா பேச்சே மறந்து போச்சு. நம்ம பேச்சுதான். அந்த வருஷமும் தைச்சேன், உத்தேச அளவு. பார்சல் பிரிக்காமத் திரும்பி வந்துச்சு. அத உங்க பெரியண்ணனுக்குப் போட்டோம். அப்படித்தான் ஆரம்பிச்சது இதெல்லாம்."

"இத ஏன் சொல்லாமயே வச்சிருந்தீங்க?" விவியானின் குரல் உயர்ந்தது. "இந்த டப்பாவுல முதல் கரையே நம்ம வீட்டுல பொறக்காத பிள்ளைக்கு. ஒரு பின்லாந்துப் பிள்ளைக்கு! அப்புறம் எந்த வாயால அத்தை, போன வருஷம் பைவிய..."

பல்புப் பெட்டியைக் கொடுத்த கை அவளுடையது.

"கத்தாத," என்றாள் ஹுல்டா. "போன வருஷம் அந்தப் பிள்ளையப் பாக்காமத்தான் உக்காந்திருந்தேன். பேசற பேச்சு அப்படியே இர்யா பேச்சு, அந்த இழுப்பு. நான் பன்னிக்கறித் தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

பிறகு கரையை மேசையோரத்தில் நீட்டி வைத்து, மூன்று கோட்டுக்குப் பிறகு வெறுமையாக இருந்த பாகத்தை உள்ளங்கையால் தேய்த்தாள். அரை மீட்டருக்குக் குறையாமல் வெறுமை. அதை விவியான் பக்கம் தள்ளினாள்.

"இதையே எடுத்துக்க. நல்ல கரை, ஒரு இழை விடல. மிச்சம் அப்படியே இருக்கு பாரு. இர்யாவுக்கு மேல அவ பேர எழுதிக்கலாம்."

டீரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு துண்டுத் துணியைக்கூட வீணாக்காத ஹுல்டா, டப்பாவிலேயே பெரியதைத்தான் எடுத்துக் கொடுக்கிறாள் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. வாங்கிக்கொண்டால் விஷயம் முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்து கஞ்சி சாப்பிடலாம்.

விவியான் கரையைத் தொட்டுப் பார்த்தாள். நாற்பத்து மூன்றுக்கும் நாற்பத்து நான்குக்கும் நடுவில் விரற்கடை அளவுதான் இடைவெளி. வளராத பிள்ளை. அதைப் பத்திரமாகச் சுருட்டி, டப்பாவுக்குள் திருப்பி வைத்தாள்.

"இது இர்யாவோடது. அவ திரும்பி வரலைங்கறதுக்காக அவ எடத்துல பைவிய நிக்க வக்க வேணாம் அத்தை. அவளுக்கு அவளோடது வேணும்."

"நான் குடுக்கறத வேணாங்கறியா?"

"ஆமா."

மேசையில் கிடந்த புதுத் துணியின் ஓரத்தைப் பிடித்தாள். கத்திரி நுனியால் ஒரு சின்ன வெட்டு. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கிர்ரென்று நேராக வந்தது கரை, ஒன்றரை மீட்டர், ஓரத்தில் சிவப்புச் சேவல்களின் வால் நுனி ஒட்டிக்கொண்டு. அந்தச் சத்தத்தை அந்தச் சமையலறையில் ஹுல்டாவைத் தவிர வேறு யார் கையும் எழுப்பியதில்லை. பெரித் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹுல்டா எழவில்லை. தடுக்கவும் இல்லை. கிழிந்த ஓரத்தின்மேல் அவள் கண் ஓடியது, தலையிலிருந்து கடைசிவரை. குறை எதுவும் கிடைக்கவில்லை போல.

விவியான் மைக்கூட்டை இழுத்து, முனையில் 'பைவி' என்று எழுதி ஊதினாள். கொக்கியிலிருந்து மழைக்கோட்டை எடுத்தாள்.

"கஞ்சி ஆறுது," என்றாள் டீரா. "எங்க போற?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம். இப்ப வந்துடுவேன். அளவு வராம வெட்டிடாதீங்க."

"ரெண்டு பேரும் வீட்டுல இருப்பாங்களே. பிள்ளை முழிச்சிருக்குமே," என்றாள் பெரித்.

"முழிச்சுத்தான் இருக்கணும்."

தூங்கும்போது அளக்கப் போவதில்லை, கோட்டை அளக்கப் போவதில்லை. பைவியைக் கதவோரம் நிறுத்தி, எதற்கு அளக்கிறேன், எந்தப் படி என்று சொல்லிவிட்டுத்தான் பிடரியில் கரையை வைப்பாள். அது ரகசியமில்லாமல் போனால் போகட்டும். அந்தப் பிள்ளை ஒரு வருஷம் யோசித்தது போதும்.

அவள் காலணிக்குள் காலை நுழைத்தபோது ஹுல்டா காகித வெட்டைத் தலைகீழாகத் திருப்பி வைக்கும் சரசரப்பு கேட்டது. கதவைத் திறந்தாள். மழை முகத்தில் அடித்தது. பாதிப் படி இறங்கியபோது பின்னாலிருந்து அத்தையின் குரல், மில் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரல், ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்கிற மாதிரி வந்தது:

"தலைய நிமித்தி நிக்கச் சொல்லு! குனிஞ்சா அளவு தப்பும்!"

விவியான் திரும்பிப் பார்க்கவில்லை. கரையைக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பாலத்தைப் பார்த்து நடந்தாள்.